பன்னிரண்டாயிரம் ஊரும் ஒரு டிராப்டவுனும்

விண்ணப்பப் படிவம் ஒன்றில் ‘கிராம ஊராட்சி’ என்று ஒரு டிராப்டவுன், அதாவது தட்டினால் பட்டியல் விரியும் கட்டம். தட்டினால், தமிழ்நாட்டின் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகளும் ஒரே பட்டியலாக விரிகின்றன. கைபேசித் திரையில் ஒரு நேரத்துக்குப் பத்து வரி தெரிகிறது என்று வைத்துக்கொண்டால், கடைசியில் இருக்கும் ஊர்க்காரர் 1,250 திரை தள்ளித்தான் தன் ஊரைப் பார்க்க முடியும். அ-வில் தொடங்கும் ஊர்க்காரர்மேல் வே-யில் தொடங்கும் ஊர்க்காரருக்குப் பொறாமை வர இது ஒன்றே போதும்.

இதில் இரண்டு சிக்கல்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. பட்டியலைக் கைபேசிவரை தூக்கிக்கொண்டு போவது ஒன்று. வந்த பட்டியலில் தன் ஊரைக் கண்டுபிடிப்பது இன்னொன்று. நிரல் எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதைச் சரிசெய்துவிட்டு, பக்கம் வேகமாகத் திறக்கிறது என்று கையைத் தட்டிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். ஆளைத் திணறடிப்பது இரண்டாவதுதான். ஊர்ப்பெயர் தமிழில் இருக்கும்போது அந்தத் திணறலுக்குக் காரணம் நீளம்கூட இல்லை, எழுத்துக்கூட்டல்.

எடை

முதலில் சுமையின் கணக்கு. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு யுனிகோடு குறியீட்டுக்கும் 3 பைட். ‘திருமலைசமுத்திரம்’ என்ற பெயரில் உயிர்மெய்க் குறிகள், புள்ளிகள் எல்லாம் சேர்த்து 17 குறியீடுகள். ஆக 51 பைட். அதைச் சுற்றிய ஆப்ஷன் டேக் (பட்டியலின் ஒரு வரியைக் குறிக்கும் ஹெச்டிஎம்எல் குறி), அதன் வேல்யூ (சர்வருக்குப் போகும் மதிப்பு) இரண்டும் இன்னொரு 30 பைட் பிடிக்கும். சராசரிப் பெயர் இதைவிடச் சின்னது என்று ஆப்ஷனுக்கு 60 பைட் போட்டாலும், 12,500 ஊருக்கு 750 கிலோபைட். ஜிஸிப் என்ற சுருக்கும் முறையைப் போட்டால் இது நன்றாகவே சுருங்கும். ஆனால் சுருங்குவது வழியில் போகும் பொதி மட்டும். பிரவுசருக்குள் வந்து அவிழ்ந்ததும் ஊருக்கு ஓர் உறுப்பு, அதற்குள் ஓர் எழுத்துக் கணு என்று 25,000 கணுக்கள் நினைவகத்தில் உட்காரும். ‘நிரந்தர முகவரி’, ‘தற்போதைய முகவரி’ என இரண்டு இடத்தில் அதே பட்டியல் என்றால் 50,000. பக்கத்தின் வேகத்தை அளக்கக் குரோமில் உள்ள லைட்ஹவுஸ் சோதனையின் பழைய பதிப்புகள் ஒரு பக்கத்தில் 800 உறுப்புகளைத் தாண்டினாலே எச்சரித்து, 1,400-ஐத் தாண்டினால் தவறு என்று குறித்தன. அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ஏஎஸ்பி டாட்நெட் வெப்ஃபார்ம்ஸ் (மைக்ரோசாஃப்டின் பழைய இணையப் படிவ முறை) படிவங்களில் இதற்கு மேல் ஒரு கூடுதல் சுமை உண்டு. டேட்டாபேஸிலிருந்து நிரப்பிய பட்டியல் வியூஸ்டேட் என்ற மறைகட்டத்தில் இன்னொரு பிரதியாகச் சேர்ந்துவிடும். படிவத்தில் வேறு எதைத் தொட்டு போஸ்ட்பேக் (படிவம் சர்வருக்குப் போய்வருவது) நடந்தாலும், அந்தப் பிரதி முழுதும் சர்வருக்குப் போய்விட்டுத் திரும்பும். பல இணைய இணைப்புகளில் தரவை ஏற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு என்பதால், வரும்போது தெரியாத வலி போகும்போது தெரியும். அந்த டிராப்டவுனுக்கு மட்டும் வியூஸ்டேட்டை அணைத்துவிட்டு, பட்டியலை ஒவ்வொரு முறையும் பக்கம் உருவாகத் தொடங்கும் இனிட் என்ற நிலையிலேயே கட்டுங்கள். பிறகு வரும் லோடு நிலையில் கட்டினால், பயனர் தேர்ந்தெடுத்தது அழிந்து முதல் ஆப்ஷனுக்கே போய்விடும். காரணம், அனுப்பப்பட்ட மதிப்பைப் பொருத்தும் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

பலர் செய்யும் வைத்தியம், இருக்கிற செலக்டின்மேல் (டிராப்டவுனைத் தரும் ஹெச்டிஎம்எல் உறுப்பு அது) செலக்ட்2 போன்ற ஒரு நூலகத்தைப் போர்த்துவது. தேடும் கட்டம் வந்துவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும். ஆனால் அடியில் அந்த 12,500 ஆப்ஷனும் அப்படியேதான் இருக்கும். அவற்றைப் படித்துத் தன் பட்டியலைக் கட்டும் வேலை புதிதாகச் சேரும். அதே நூலகத்தை வெறும் செலக்டின்மேல் வைத்து, தேடும்போது மட்டும் தரவை எடுக்கும் முறையில் இணைத்தால்தான் பயன். குரோம் 135-இலிருந்து செலக்டையே விரும்பியபடி அலங்கரிக்க வழி வந்திருக்கிறது. அது தோற்றத்தை மாற்றும்; தேடித் தராது.

கேட்க வேண்டிய கேள்வியா?

நீளமான பட்டியலைச் சரிசெய்ய உட்காரும் முன், அது தேவையா என்று பார்த்துவிடுவது நல்லது. பிரிட்டன் அரசின் வடிவமைப்பு வழிகாட்டியே செலக்ட் பெட்டியைக் கடைசி வழியாக மட்டும் பயன்படுத்தச் சொல்கிறது.

வங்கிக் கிளை இதற்கு நல்ல உதாரணம். வங்கி, மாநிலம், மாவட்டம், கிளை என்று நான்கு டிராப்டவுன் வைக்கும் படிவங்கள் ஏராளம். பாஸ்புக்கிலும் காசோலையிலும் ஐஎஃப்எஸ்சி குறியீடு அச்சாகியே இருக்கிறது: 11 இடங்கள். முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும் எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் சுழியம், கடைசி ஆறும் கிளைக்கு உரியவை. ஒரே கட்டத்தில் அதைக் கேட்டு, கீழே வங்கியின் பெயரையும் கிளையின் பெயரையும் காட்டி ‘இதுதானே?’ என்று உறுதிசெய்துகொண்டால் நான்கு பட்டியலும் போயிற்று. இங்கே நடக்கும் பிழை பெரும்பாலும் ஒன்றுதான்: ஐந்தாவது இடத்தின் சுழியத்தை ‘ஓ’ என்ற ஆங்கில எழுத்தாக அடித்துவிடுவார்கள். அந்த இடத்தில் எழுத்து வரவே முடியாது என்பதால், சண்டை போடாமல் நாமே சுழியமாக மாற்றிவிடலாம். சின்ன எழுத்தைப் பெரிய எழுத்தாக்குவதும், நடுவே விழுந்த இடைவெளியை நீக்குவதும் அப்படியே. இன்னொன்று, 2020 ஏப்ரல் 1 அன்று நடந்த பொதுத்துறை வங்கி இணைப்புகளுக்குப் பிறகு பல கிளைகளின் குறியீடு மாறிவிட்டது. அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியில் சேர்ந்தது அப்படி ஒன்று. பழைய பாஸ்புக்கைப் பார்த்து அடிப்பவருக்கு ‘தவறான குறியீடு’ என்று சொல்லாமல், பழையதற்குப் புதியது எது என்ற அட்டவணை வைத்துப் புதியதைக் காட்டுங்கள்.

அஞ்சல் குறியீடு இந்த அளவுக்குக் கறாராக வேலை செய்யாது. 1972 ஆகஸ்ட் 15-இல் வந்த இந்த ஆறு இலக்க எண் தபால் பிரிப்பதற்காக வகுத்தது, வருவாய்த் துறை எல்லைக்காக அல்ல. ஓர் எண்ணுக்குள் பல ஊர்கள் வரும். 605 என்று தொடங்குவதால் புதுச்சேரி என்று முடிவுகட்டினால் விழுப்புரத்துக்காரர் மாட்டிக்கொள்வார். புதுச்சேரிக்கு 605001, விழுப்புரத்துக்கு 605602. ஆகவே அதை வைத்து மாவட்டத்தையும் மாநிலத்தையும் பூட்டிவிடக் கூடாது. முன்கூட்டியே நிரப்பி, மாற்றும் வசதியோடு விடலாம். கட்டத்தை எண் வகையாக வைக்காமல் எழுத்து வகையாகவே வைத்து, எந்தக் கீபோர்டு திறக்க வேண்டும் என்று சொல்லும் இன்புட்மோடை மட்டும் நியூமெரிக் ஆக்குங்கள். எண் வகையில் சுட்டெலியின் உருளை பட்டு எண் மாறிவிடுவது பழைய தொல்லை.

பிறந்த தேதிக்கு 31, 12, 100 என்று மூன்று டிராப்டவுன் வைப்பதைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. மூன்று சின்ன எழுத்துக் கட்டங்கள் போதும். தன் பிறந்த ஆண்டை யாரும் பட்டியலில் தேடிக் கண்டுபிடிப்பதில்லை.

நடுப்படியை எடுத்துவிடுங்கள்

ஊரைத் தவிர்க்க முடியாது என்றால், வழக்கமான தீர்வு ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது: மாவட்டம், வட்டம், ஊர். பட்டியல் சின்னதாகிவிடும் என்பது உண்மை. ஆனால் வட்டம் எது என்று எத்தனை பேருக்கு உறுதியாகத் தெரியும்? 2019-இல் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, 2020-இல் மயிலாடுதுறை என்று புதிய மாவட்டங்கள் பிரிந்து எண்ணிக்கை 38 ஆனபோது, மாவட்டத்தையே பழைய பெயரில் தேடியவர்கள் உண்டு. வட்ட எல்லைகள் அதைவிட அடிக்கடி மாறுகின்றன. தவறான வட்டத்தைத் தேர்ந்தவர் தன் ஊர் பட்டியலிலேயே இல்லை என்று நினைத்துப் படிவத்தை மூடிவிடுவார்.

12,500-ஐ 38-ஆல் வகுத்தால் மாவட்டத்துக்குச் சராசரியாக 330 ஊராட்சி. 330 என்பது உருட்டித் தேட அதிகம், தட்டச்சு செய்து தேட ஒன்றுமே இல்லை. ஆகவே மாவட்டத்துக்குச் சாதாரண செலக்ட், ஊருக்குத் தேடும் கட்டம், நடுவில் வட்டம் என்ற கேள்வியே வேண்டாம். ஊரைத் தேர்ந்ததும் வட்டம் தானாகத் தெரிந்துவிடும். புதூர், நல்லூர், புதுப்பட்டி போன்ற பெயர்கள் ஒரே மாவட்டத்தில் பல இடங்களில் வரும் என்பதால், ஒவ்வொரு வரியிலும் ஊர்ப்பெயருக்குக் கீழே வட்டத்தின் பெயரைச் சின்ன எழுத்தில் காட்டுங்கள். அங்கேதான் வட்டத்துக்கு வேலை.

மாவட்டத்துக்கு ஒரு ஜேசன் (JSON) தரவுக் கோப்பு என 38 கோப்புகள். ஒவ்வொன்றும் சுருக்காமலே சில பத்து கிலோபைட்தான். கோப்பின் பெயரில் உள்ளடக்கத்தின் ஹேஷைச் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறியீடு) சேர்த்துவிட்டால் பிரவுசர் அதை ஓராண்டுக்குச் சேமித்து வைத்துக்கொள்ளலாம். ஊர் சேர்ந்தாலோ மாறினாலோ பெயரும் மாறிவிடும். மாவட்டம் தேர்ந்த நொடியில் கோப்பைக் கேட்டுவிட்டால், பயனர் அடுத்த கட்டத்துக்கு வரும்போது அது வந்திருக்கும். தேடல் முழுதும் கைபேசியிலேயே நடக்கும். 330 பெயரை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டித் தேடுவது சாதாரணக் கைபேசிக்கும் தெரியவே தெரியாத வேலை. இதற்குப் போய் சர்வரில் தேடுபொறி நிறுவத் தேவையில்லை.

அடுக்கு டிராப்டவுன்களில் எப்போதும் கோட்டைவிடும் இடங்கள் சில உண்டு. மாவட்டத்தை மாற்றினால் ஊரின் மதிப்பு அழிய வேண்டும். திரையில் காலியாகத் தெரிந்து, மறைகட்டத்தில் பழைய ஊரின் குறியீடு அப்படியே இருப்பதுதான் சகஜமான பிழை. பயனர் மதுரையைத் தொட்டு உடனே தேனிக்கு மாறினால், மதுரைக் கோப்பு தாமதமாக வந்து தேனியின்மேல் உட்காரும். முந்தைய கோரிக்கையை ஜாவாஸ்கிரிப்டின் அபார்ட்கண்ட்ரோலர் கொண்டு ரத்து செய்யுங்கள், அல்லது வந்த பதில் இப்போதைய மாவட்டத்துக்கு உரியதா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். பிரவுசரின் பின்செல்லும் பொத்தானை அழுத்தித் திரும்பும்போது பிரவுசர் மாவட்டத்தை மீட்டுத்தரும், ஆனால் ஊர்ப் பட்டியல் இன்னும் நிரம்பியிருக்காது. ஆகவே மாற்றம் நிகழும்போது மட்டும் நம்பியிருக்காமல், பக்கம் திறந்ததும் மாவட்டக் கட்டத்தில் மதிப்பு இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து நிரப்புவது அவசியம்.

அந்த 38 மாவட்டத்துக்கும் தேடும் கட்டம் வைக்கலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். செலக்ட் என்பது பிரவுசரே தருவது. ஐபோனில் அதற்கேற்றபடி, ஆண்ட்ராய்டில் அதற்கேற்றபடி விரியும், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரோடு நாம் எதுவும் செய்யாமலே பேசும், சேமித்த முகவரியைத் தானாக நிரப்பவும் ஒத்துழைக்கும். நாம் கட்டும் எதுவும் இவற்றையெல்லாம் முதலிலிருந்து சம்பாதிக்க வேண்டும். ஐந்தாறு தெரிவுக்கு ரேடியோ, நாற்பது வரை செலக்ட், அதற்கு மேல் தேடும் கட்டம்.

தேடும் கட்டம்

கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது டேட்டாலிஸ்ட், எழுதும் கட்டத்துக்குப் பிரவுசரே பரிந்துரை காட்டும் ஹெச்டிஎம்எல் உறுப்பு. ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வேண்டாம். ஆனால் ஊர்த் தேர்வுக்கு அது உதவாது. பட்டியலில் இல்லாததையும் அது ஏற்கும். எந்த எழுத்துகளை எப்படிப் பொருத்துவது என்பது பிரவுசருக்குப் பிரவுசர் மாறும், நம் கையில் இல்லை. செலக்டில் பெயர் ஒன்றும் குறியீடு ஒன்றுமாக இருப்பதுபோல் இதில் பிரித்து வைக்க முடியாது, கட்டத்தில் தெரிவதுதான் சர்வருக்குப் போகும். இரண்டு புதூரில் எந்தப் புதூர் என்று அப்புறம் யாரைப் போய்க் கேட்பது?

ஆகவே எழுதும் கட்டமும் அதன்கீழ் விரியும் பட்டியலும் சேர்ந்த காம்போபாக்ஸ்தான். அணுகல்தன்மைக்கான ஏரியா (ARIA) விதிகளில் இதன் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறியதால் இணையத்தில் கிடைக்கும் நிரல்களில் பாதி குழப்பம். 2017-இல் வந்த 1.1 பதிப்பில் காம்போபாக்ஸ் என்ற ரோல் (உறுப்பு எந்த வகை என்று சொல்லும் பண்பு) வெளிச்சுற்று உறுப்பில் இருந்தது. ஸ்கிரீன் ரீடர்கள் அதோடு ஒத்துப்போகவில்லை. 2023-இல் வந்த 1.2 அதை மறுபடி எழுதும் கட்டத்துக்கே கொண்டுவந்தது. புதிதாகக் கட்டினால் 1.2-ஐப் பின்பற்றுங்கள்: எழுதும் கட்டத்துக்கு காம்போபாக்ஸ் ரோல், பட்டியல் திறந்திருக்கிறதா என்பதற்கு எக்ஸ்பாண்டட், எந்தப் பட்டியல் என்பதற்கு கண்ட்ரோல்ஸ், அம்புக்குறி இப்போது நிற்கும் வரிக்கு ஆக்டிவ்-டிசெண்டண்ட். கர்சர் எழுதும் கட்டத்தைவிட்டு நகரவே கூடாது. பட்டியலுக்கு லாங் பண்பில் தமிழ் என்று குறிக்க மறந்தால், ஸ்கிரீன் ரீடர் ஊர்ப்பெயரை ஆங்கிலக் குரலில் படிக்க முயன்று மௌனமாகிவிடலாம். ‘6 ஊர்கள்’ என்று எண்ணிக்கையை ஸ்கிரீன் ரீடருக்கு அறிவிக்கும் லைவ் ரீஜன் என்ற பகுதி, எழுத்துக்கு எழுத்து கத்தாமல், தட்டச்சு நின்று ஒரு நொடி கழித்துச் சொல்லட்டும்.

பட்டியலில் எட்டு வரிக்கு மேல் காட்டாதீர்கள். கைபேசியில் கீபோர்டு பாதித் திரையை எடுத்துக்கொண்டபின் மிச்சம் அவ்வளவுதான். இப்படி எட்டில் நிறுத்திவிட்டால், ஆயிரக்கணக்கான வரிகளில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் வரையும் விர்ச்சுவல் பட்டியல் வித்தைகளும் தேவைப்படாது. கட்டத்தின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோன் தானே பக்கத்தைப் பெரிதாக்கி, பட்டியலை ஓரத்துக்குத் தள்ளிவிடும்.

எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி: வரியைத் தட்டினால் தேர்வாகாமல் பட்டியல் மூடிக்கொள்ளும். காரணம், கிளிக் வருவதற்கு முன்பே எழுதும் கட்டம் ஃபோகஸை (கர்சர் நிற்கும் நிலை) இழந்து, அப்போது எழும் பிளர் நிகழ்வில் நாமே பட்டியலை மூடிவிடுகிறோம். சிலர் மூடுவதை 200 மில்லிநொடி தள்ளிப்போட்டுச் சமாளிப்பார்கள். மெதுவான கைபேசியில் அதுவும் காலைவாரும். மவுஸ்டவுன் நிகழ்வில் இயல்பான செயலைத் தடுத்துவிட்டால் ஃபோகஸ் நகராது, கிளிக் ஒழுங்காக வந்து சேரும்.

தமிழ் எழுத்து செய்யும் வேலை

இதுவரை சொன்னது எந்த மொழிக்கும் பொருந்தும். ஊர்ப்பெயர் தமிழில் என்றால் இனிமேல்தான் வேலையே.

ஸ்ரீவில்லிபுத்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஸ்ரீ’ என்ற வடிவத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ஸகரத்தோடு புள்ளியும் ரீயும் சேர்த்து, அல்லது 2005-இல் யுனிகோடு 4.1-இல் சேர்ந்த ஶகரத்தோடு புள்ளியும் ரீயும் சேர்த்து. பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றேதான். கணினிக்கு இரண்டும் வேறு. பட்டியலில் ஒரு விதம், பயனரின் கீபோர்டு தருவது இன்னொரு விதம் என்றால் ஸ்ரீபெரும்புதூர், ஸ்ரீவைகுண்டம், ஸ்ரீரங்கம் எதுவுமே கிடைக்காது. ஒரே எழுத்தின் வெவ்வேறு குறியீட்டு வடிவங்களை ஒன்றாக்கும் யுனிகோடின் என்எஃப்சி சீராக்கம்கூட இதைச் சரிசெய்யாது. நாம்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

என்எஃப்சி சரிசெய்வது வேறொன்றை. ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். பழைய மாற்றிகளில் இருந்து வந்த தரவில் இரண்டாவது வகை நிறைய இருக்கும். என்எஃப்சி இரண்டையும் ஒன்றாக்கிவிடும், ஆகவே அதை முதல் படியாக வையுங்கள்.

ஔகாரம் இதைவிடக் குறும்பு. ‘கௌ’ என்று அடிக்க வேண்டிய இடத்தில் கெ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்கள் பலர். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ‘ெள’ வரும் இடத்தையெல்லாம் ஔகாரமாக மாற்றிவிடலாம் என்று தோன்றும். மாற்றினால் வெள்ளக்கோவிலும் தெள்ளாரும் கெட்டுவிடும், அங்கே இருப்பது உண்மையான ளகரம். திருப்பிச் செய்யுங்கள்: தேடலுக்கான வடிவத்தில் ஔகாரத்தை உடைத்துக் கொம்பும் ளகரமுமாக்குங்கள். இரு பக்கமும் ஒரே மாதிரி உடைவதால் இரண்டும் பொருந்தும்.

‘தேடலுக்கான வடிவம்’ என்றேனே, மொத்த விஷயமும் அதில்தான். ஒவ்வொரு ஊருக்கும் காட்டும் பெயர் ஒன்று, தேடும் சாவி ஒன்று. பயனர் அடிப்பதையும் அதே விதிகளில் சாவியாக்கி, சாவியோடு சாவியை ஒப்பிடுகிறோம். சாவி யார் கண்ணுக்கும் படாது என்பதால் இலக்கணத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அதை நசுக்கலாம். என்எஃப்சி முடிந்ததும் இடைவெளி, முற்றுப்புள்ளி, கோடு, கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறிகள் எல்லாவற்றையும் நீக்குங்கள். ஶ்ரீ, ஔகாரம் இரண்டையும் மேலே சொன்னபடி மாற்றுங்கள். ற-வை ர-வாக்குங்கள், ள, ழ இரண்டையும் ல-வாக்குங்கள், ண, ந இரண்டையும் ன-வாக்குங்கள். நெடிலைக் குறிலாக்குங்கள், குறிப்பாக ஊகாரத்தை. பழைய எழுத்துருத் தரவில் ‘வேலுர்’, ‘திருவள்ளுர்’ என்று குறிலாகவே கிடக்கும் பெயர்கள் அத்தனை. அடுத்து இரட்டித்த மெய்யை ஒற்றையாக்குங்கள்: க்க என்பது க, ப்ப என்பது ப. பெரியகுளமா பெரியக்குளமா, திருப்பத்தூரா திருபத்தூரா என்ற சந்தி வழக்கு இதோடு தீர்ந்தது. கடைசியாக, சொல்லின் தொடக்கத்தில் ரகர லகரத்துக்கு முன் வரும் இகரத்தை வெட்டுங்கள். இராமநாதபுரமும் ராமநாதபுரமும், இலால்குடியும் லால்குடியும் ஒன்றாகும். இரணியலும் இலஞ்சியும் ‘ரணியல்’, ‘லஞ்சி’ ஆகுமே என்றால், ஆகட்டும். அடிக்கிறவரின் சொல்லும் அப்படித்தானே ஆகிறது.

வரிசை முக்கியம். ற-வை ர-வாக்கிய பிறகே இரட்டிப்பைப் பாருங்கள், இல்லாவிட்டால் ‘ற்ற’ என்பதும் பிழையாக வந்த ‘ர்ற’ என்பதும் தனித்தனியாக நிற்கும். இந்த நசுக்கலில் வேறு வேறு ஊர்கள் ஒரே சாவிக்குள் வந்து விழும். அதனால் நட்டமில்லை, முடிவுகளை அடுக்கும்போது பயனர் அடித்த எழுத்தோடு அப்படியே பொருந்துவதை முதலிலும், சாவி தொடக்கத்தில் பொருந்துவதை அடுத்தும், நடுவில் பொருந்துவதைக் கடைசியிலும் வைத்தால் போதும். பட்டி, புரம், ஊர் என்று முடியும் பெயர்கள் கொட்டிக்கிடப்பதால், நடுவில் பொருந்துவதை மேலே விட்டால் பட்டியல் கந்தலாகிவிடும்.

விதிக்குள் அடங்காதவை மாற்றுப்பெயர்கள். ஊட்டிக்கு உதகமண்டலம், கோவைக்குக் கோயம்புத்தூர், திருச்சிக்குத் திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கத்துக்குத் திருவரங்கம், கிருஷ்ணகிரிக்குக் கிருட்டிணகிரி. இவற்றுக்கு ஊரோடு சேர்த்து தரவு அட்டவணையில் ஒரு மாற்றுப்பெயர்ப் பத்தி (நெடுவரிசை) வேண்டும். கோயில், கோவில் மட்டும் ஒரு விதியாகவே போடலாம். நாகர்கோவில், சங்கரன்கோவில், காட்டுமன்னார்கோயில் என்று எண்ணிக்கை அதிகம்.

பிறகு ஆங்கில எழுத்தில் அடிப்பவர்கள். தமிழ்ப் படிவமாக இருந்தாலும் கைபேசியில் ஆங்கிலக் கீபோர்டே திறந்திருக்கும்; மாற்றத் தெரியாதவர்கள், மாற்றச் சோம்பியவர்கள் எல்லோரும் ஆங்கிலத்தில்தான் தொடங்குவார்கள். பட்டியல் அவர்களுக்கு ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. ஆங்கில எழுத்துக்கூட்டலுக்கும் ஒரு சாவி செய்யுங்கள்: இஸட்-ஹெச் (zh) வந்தால் எல் (l), சொல்லின் முதலில் தவிர மற்ற ஹெச் (h) எல்லாம் போகட்டும், இரட்டை ஈ (ee) என்பது ஐ (i), இரட்டை ஓ (oo) என்பது யு (u), மற்ற இரட்டிப்புகள் ஒற்றை, டி-யில் t, d இரண்டும் ஒன்று, பி-யில் p, b இரண்டும், ஜி-கே (g, k) இரண்டும் அப்படியே. எந்த அளவுக்கு இது நிலையற்ற தரை என்பதற்கு, 2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கேற்ப மாற்றிய ஆணையை வெளியிட்டு, சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றதை நினைத்துக்கொள்ளலாம். இதனால்தான் ஆப்ஷனின் மதிப்பாக எந்த மொழியிலும் பெயரை வைக்கக் கூடாது. மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் எல்ஜிடி (LGD) என்ற உள்ளாட்சி அடைவில் மாவட்டம் முதல் ஊராட்சிவரை ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கிறது. அதை வையுங்கள்.

அடிக்கும்போது

தமிழ் ஒலிபெயர்ப்புக் கீபோர்டுகளில் ஒரு சொல் உருவாகும்வரை எழுத்துகள் தற்காலிகமாக நிற்கும். அப்போது என்டர் அடித்தால் அது சொல்லை முடிப்பதற்காக, நம் பட்டியலில் முதல் வரியைத் தேர்வதற்காக அல்ல. விசையை அழுத்தும்போது எழும் கீடவுன் நிகழ்வில், சொல் இன்னும் உருவாகிறது என்று காட்டும் ஈஸ்கம்போஸிங் உண்மையாக இருந்தால் அந்த என்டரைத் தொடாமல் விடுங்கள். ஆண்ட்ராய்டில் பல கீபோர்டுகள் எந்த விசைக்கும் 229 என்ற ஒரே எண்ணைத்தான் தரும். ஆகவே தேடலை விசை நிகழ்வில் கட்டாமல் இன்புட் நிகழ்வில் கட்டுங்கள்.

‘குறைந்தது மூன்று எழுத்து’ என்ற வரம்பும் தமிழில் தடுமாறும். ‘கோ’ என்பது நமக்கு ஓர் எழுத்து, ஜாவாஸ்கிரிப்டுக்கு இரண்டு. ‘ஸ்ரீ’ நான்கு. மாவட்டத்துக்குள் தேடும்போது இந்த வரம்பே வேண்டாம், முதல் எழுத்திலேயே காட்டலாம். மாநிலம் முழுதும் சர்வரில் தேடுவதானால் மட்டும் இரண்டு எழுத்து வரம்பும் 250 மில்லிநொடி தாமதமும் வையுங்கள். எழுத்தை எண்ண, உரையை முழு எழுத்துகளாகப் பிரிக்கும் இன்ட்ல் செக்மென்டர் ஜாவாஸ்கிரிப்டில் இருக்கிறது, 2024-இல் ஃபயர்பாக்ஸ் 125-ம் சேர்ந்தபின் எல்லா முக்கியப் பிரவுசரிலும் வேலை செய்கிறது.

அதே செக்மென்டர் பொருந்திய பகுதியைத் தடித்த எழுத்தில் காட்டவும் தேவை. பயனர் ‘ம’ என்று அடிக்க, ‘முசிறி’யில் மகரத்தை மட்டும் தடித்தால், உகரக் குறி தனியே அறுந்து புள்ளிவட்டத்தோடு தொங்கக்கூடும். பொருத்தம் எங்கே முடிந்தாலும், முழு எழுத்தின் எல்லைவரை நீட்டியே தடிக்க வேண்டும்.

வரிசைப்படுத்தலை யுனிகோடு எண்ணின்படி விட்டால் கடலூர், கன்னியாகுமரி, கரூர், கள்ளக்குறிச்சி என்று வரும், ஏனென்றால் யுனிகோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து உட்கார்ந்திருக்கிறது. தமிழ் அகரவரிசையில் னகரம் கடைசி மெய்; கன்னியாகுமரி கள்ளக்குறிச்சிக்குப் பின்னால் வர வேண்டும். பிரவுசரில் மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இன்ட்ல் கொலேட்டருக்குத் தமிழ் என்று சொன்னால் சரியாகும். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் ஐசியு என்ற நூலகம் வழியாகத் தமிழ்க் கொலேஷன் (வரிசை முறை) உண்டு.

பட்டியலில் இல்லாதபோது

பயனர் அடித்தது எதோடும் பொருந்தவில்லை என்றால் அதை அழிக்காதீர்கள். கட்டத்தைவிட்டு நகர்ந்ததும் எழுதியது மறைந்துபோவதைவிடக் கோபமூட்டுவது குறைவு. எழுத்து அப்படியே இருக்கட்டும்; கீழே ‘பட்டியலில் கிடைக்கவில்லை, இப்படியே பதிவு செய்யலாம்’ என்று ஒரு வரி வரட்டும். அப்படி வந்ததைத் தனிப் பத்தியில் சேமியுங்கள், எல்ஜிடி எண் காலியாக இருக்கும். சரியாக ஒரே ஓர் ஊரோடு சாவி முழுதும் பொருந்தினால் மட்டும் தானாகத் தேர்ந்துகொள்ளலாம்.

சர்வரில் வந்த ஊர் எண் உண்மையில் அந்த மாவட்டத்துக்கு உரியதா என்று மறுபடி பார்த்தே ஆக வேண்டும். பிரவுசரில் இருந்து வருவது எதுவாகவும் இருக்கலாம். ஜாவாஸ்கிரிப்ட் ஓடாத இடத்துக்கு, மாவட்டத்தைத் தேர்ந்து அனுப்பினால் அடுத்த பக்கத்தில் அந்த 330 ஊரும் சாதாரண செலக்டாக வருவதுபோல் அடித்தளம் வைத்துவிட்டு, காம்போபாக்ஸை அதன்மேல் ஏற்றுங்கள்.

பொருந்தாமல் போன சொற்களையும், அவற்றுக்குப் பிறகு அந்தப் பயனர் கடைசியில் எந்த ஊரைத் தேர்ந்தார் என்பதையும், பெயர் விவரம் எதுவும் இல்லாமல் பதிந்து வாருங்கள். வாரத்துக்கு ஒருமுறை எண்ணிக்கைப்படி அடுக்கிப் பார்த்தால், மாற்றுப்பெயர்ப் பத்தியில் அடுத்து எதைச் சேர்ப்பது என்று அந்தப் பட்டியலின் முதல் இருபது வரியே சொல்லிவிடும்.